அது நான் இல்லை!

1979-ஆம் வருடம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பெல்லிங்ஹாம் என்கிற ஊர். இரண்டு கல்லூரி மாணவிகளைக் கழுத்தை நெரித்துக் கொன்றதாக ஓர் இளைஞனைப் பிடிக்கிறார்கள். பெயர் கென்னத் பியாங்கி. வயது 27. செக்யூரிட்டி வேலை. பார்க்க லட்சணம், பேச்சில் பணிவு, வீட்டில் ஒரு சின்னக் குழந்தை. 'இவனா?' என்று அக்கம்பக்கம் வாயைப் பிளந்தது.

போலீஸ் குடைந்து பார்த்ததில் பூதமே கிளம்பியது. 1977 கடைசியிலும் 78 தொடக்கத்திலுமாக லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் மலைச்சரிவுகளில் பத்துப் பெண்களின் உடல்கள் கிடந்தனவே, பத்திரிகைகள் 'ஹில்சைடு ஸ்ட்ராங்ளர்' என்று பெயர் வைத்து நகரத்தையே நடுங்க வைத்தனவே... அந்த ஆசாமி இவன்தான். கூட்டாளி, உறவுக்காரனான ஏஞ்சலோ புவோனோ. செத்தவர்களில் மிகச் சின்னவளுக்கு வயது 12.

"எனக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை" என்றான் பியாங்கி. சரி, ஹிப்னாடிஸம் செய்து பார்ப்போம் என்றார்கள் மனநல நிபுணர்கள். அறைக்குள் உட்கார்ந்திருந்த அந்தப் பணிவான பையன் கொஞ்ச நேரத்தில் காணாமல் போனான். அதே நாற்காலியில், அதே உடம்பில், வேறு ஒருத்தன். திமிரான குரல், கெட்ட வார்த்தை. தன் பெயர் 'ஸ்டீவ்' என்றான். கென் ஒரு வெத்துவேட்டு, கொன்றதெல்லாம் நான்தான் என்று மார்தட்டினான். கென்னுக்கோ ஸ்டீவ் என்று ஒருவன் இருப்பதே தெரியாது!

சில நிபுணர்கள் இதை முழுசாக நம்பினார்கள். ஒரே உடம்பில் இரண்டு பேர், கொன்றது ஒருவன், அப்படியானால் இன்னொருவனை எப்படித் தூக்கில் போடுவது?

அப்போதுதான் மார்ட்டின் ஓர்ன் என்கிற மனநல மருத்துவர் வந்தார். ஹிப்னாடிஸத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். பியாங்கியிடம் பேச்சுவாக்கில் ஒரு விஷயத்தைப் போட்டு வைத்தார். 'நிஜமாகவே இந்த நோய் உள்ளவர்களுக்கு இரண்டு பேரோடு நிற்காதே... குறைந்தது மூன்றாவது இருக்குமே' என்கிற ரீதியில். அவ்வளவுதான். அடுத்த ஹிப்னாடிஸத்தில் மூன்றாவது ஆள் ஆஜர். பெயர் பில்லி!

ஓர்ன் இன்னொன்றும் செய்தார். காலியாக இருந்த நாற்காலியைக் காட்டி, அதில் உன் வக்கீல் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள் என்றார். நிஜமாக ஹிப்னாடிஸத்தில் இருப்பவர்கள் பார்ப்பதோடு சரி, தொட்டுப் பார்க்கக் கிளம்ப மாட்டார்கள். பியாங்கி எழுந்து போய் அந்த வெறும் காற்றோடு கைகுலுக்கினான். ஓவர் ஆக்டிங்! வீட்டைச் சோதித்தபோது மனோதத்துவப் புத்தகங்கள் கிடைத்தன. 'ஸ்டீவ்' சொன்ன தன் முழுப்பெயர், எப்போதோ பியாங்கி ஏமாற்றிச் சான்றிதழ் வாங்கிய ஒரு நிஜ மாணவனின் பெயர் என்பதும் அம்பலமானது. கடைசியில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மரண தண்டனையிலிருந்து தப்பிக்க உறவுக்காரனுக்கு எதிராகச் சாட்சி சொல்லவும் சம்மதித்தான். ஸ்டீவும் பில்லியும் எங்கே போனார்கள் என்று யாரும் தேடவில்லை.

இதுவரை கதை சுலபம். நடித்தான், மாட்டிக்கொண்டான். உங்களுக்கும் எனக்கும் இதில் குழப்பம் இல்லை. நான் உங்களிடம் கேட்க நினைப்பது வேறு.

அவன் நடிக்காமல் இருந்திருந்தால்?

நிஜமாகவே உள்ளே ஒரு ஸ்டீவ் இருந்து, கென்னுக்கு அது நிஜமாகவே தெரியாமல் இருந்திருந்தால்? க்ரைம் நாவல்களும் த்ரில்லர் படங்களும் நூறு வருஷத்துக்கு மேலாக இந்தக் கேள்வியை வைத்துத்தான் வண்டி ஓட்டுகின்றன. கடைசி ரீலில் முகமூடி கழன்று, 'கொலைகாரன் இவனேதான்... ஆனால் இவன் இல்லை!' என்று டாக்டர் விளக்கும்போது நாம் ஆச்சரியத்தோடு கூடவே ஒரு நிம்மதியும் அடைகிறோம். கவனித்திருக்கிறீர்களா? அந்த நிம்மதி எங்கிருந்து வருகிறது?

நடிக்காதவர் என்று கோர்ட்டே ஏற்றுக்கொண்ட ஒருவர் உண்டு. பில்லி மில்லிகன். 1977-ல் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரத்தில், பல்கலைக்கழக வளாகத்துப் பக்கம் மூன்று பெண்களைக் கடத்தி, பணம் பறித்து, பாலியல் வன்முறை செய்ததாகக் கைதானார். பரிசோதித்த டாக்டர்கள் முதலில் பத்துப் பேரைக் கண்டுபிடித்தார்கள். பிற்பாடு எண்ணிக்கை 24 ஆயிற்று. இங்கிலீஷ்காரர் மாதிரி பேசும் ஆர்தர். யூகோஸ்லாவியா உச்சரிப்போடு ரேகன். பணத்தைப் பறித்தது நான்தான், அந்த மற்ற விஷயம் எனக்குத் தெரியாது என்றார் ரேகன். அதைச் செய்தது அடலானா என்கிற 19 வயதுப் பெண்ணாம். அவளும் உள்ளேதான் இருந்தாளாம். 1978-ல் கோர்ட், மனநிலை சரியில்லாத காரணத்தால் குற்றவாளி இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. இந்த நோயைக் காரணமாக வைத்து அமெரிக்காவில் பெரிய குற்ற வழக்கிலிருந்து விடுதலையான முதல் ஆள் என்று அவரைச் சொல்கிறார்கள். பத்து வருஷம் மனநல மருத்துவமனைகளில் இருந்து வெளியே வந்தார். 2014-ல் காலமானார்.

மில்லிகனைப் பார்த்த டாக்டர்களில் ஒருவர் கார்னீலியா வில்பர். 'சிபில்' என்ற புனைபெயரில் 16 பேர் குடியிருந்த பெண்ணுக்குச் சிகிச்சை தந்தவர். அந்தக் கதை 1973-ல் புத்தகமாக வந்து லட்சக்கணக்கில் விற்று, டெலிவிஷன் படமும் ஆயிற்று. அதற்கு முன் டாக்டர்களே அபூர்வமாகப் பார்த்த நோயை, அதற்குப் பின் ஆயிரக்கணக்கானவர்களிடம் கண்டுபிடித்தார்கள். அந்தப் பெண்ணோ 1958-லேயே டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாள், எனக்குள் அப்படி யாரும் இல்லை, இத்தனை நாள் பொய் சொன்னேன் என்று. டாக்டர் அதை நம்பவில்லை. சிகிச்சைக்கு மனம் காட்டும் எதிர்ப்பு என்று எடுத்துக்கொண்டார். ஆக, யார் நடிக்கிறார்கள், யார் நிஜம், யாருக்கு டாக்டரே ஊட்டிவிட்டார் என்பதெல்லாம் பெரிய சண்டை. அதற்குள் நாம் போகவேண்டாம். மில்லிகன் நிஜம் என்றே வைத்துக்கொள்வோம்.

அந்த மூன்று பெண்கள்? அவர்கள் பார்த்தது ஒரு முகம், ஒரு துப்பாக்கி. எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள் என்று அவர்கள் எண்ணவில்லை. மில்லிகனைப் பற்றி 1981-ல் டேனியல் கீஸ் எழுதிய புத்தகம் உலகம் பூராவும் படிக்கப்பட்டது. படித்தால் மில்லிகனின் சின்ன வயசுக் கொடுமைகளுக்கு மனசு உருகும். 2023-ல் அவரை வைத்து 'தி க்ரவுடட் ரூம்' என்று ஒரு தொடர் எடுத்தார்கள். அதில் கதாநாயகனின் குற்றத்தையே மாற்றிவிட்டார்கள். பாலியல் வன்முறை கிடையாது. நியூயார்க்கில் ஒரு துப்பாக்கிச் சூடு. ஏன் என்று யூகிப்பது கஷ்டமில்லை. ஹீரோ மேல் நமக்கு இரக்கம் வர வேண்டும். அதற்கு அந்த மூன்று பெண்களும் இடைஞ்சல். கதையிலிருந்தே அனுப்பிவிட்டார்கள்.

இரக்கத்துக்கு நான் எதிரி இல்லை. ஆனால், கதை யாருடைய கண்ணால் சொல்லப்படுகிறதோ அவருக்குத்தான் இரக்கம் கிடைக்கிறது. இரட்டை மனிதன் கதைகளில் கேமரா எப்போதும் அந்த இரட்டை மனிதனின் தலைக்குள்தான் இருக்கிறது.

இந்தப் புதிருக்கு சினிமாவும் மனநல மருத்துவமும் பிறப்பதற்கு முன்பே ஒருவர் உருவம் கொடுத்துவிட்டார். ஜான் லாக். இங்கிலீஷ் தத்துவவாதி. 1694-ல் தன் பெரிய புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் ஓர் அத்தியாயம் சேர்த்தார். ஒரு மனிதன் நேற்று இருந்த அதே ஆள்தான் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? உடம்பை வைத்தா, ஆன்மாவை வைத்தா? இரண்டுமில்லை, நினைவை வைத்து என்றார் லாக். எதுவரைக்கும் என் பிரக்ஞை நீளுகிறதோ அதுவரைக்கும்தான் நான். அதற்கு அவர் ஒரு கற்பனை சொன்னார். ஒரே உடம்பு, பகலில் ஒரு பிரக்ஞை, ராத்திரியில் இன்னொரு பிரக்ஞை, ஒன்றுக்கு ஒன்று சம்பந்தமே இல்லை. பகல் மனிதனும் இரவு மனிதனும் சாக்ரடீஸும் பிளேட்டோவும் போல இரண்டு தனி ஆட்கள் இல்லையா? த்ரில்லர் எழுதிப் பிழைத்தவர்கள் அத்தனை பேருக்கும் லாக்தான் கொள்ளுத்தாத்தா!

அவர் தர்க்கப்படி, இரவு மனிதன் செய்ததற்குப் பகல் மனிதனைத் தண்டிப்பது அநியாயம். உடனே லாக்குக்கு ஒரு சிக்கல் வந்தது. குடிகாரன். ராத்திரி போதையில் செய்தது காலையில் ஞாபகமில்லை என்கிறவனைச் சட்டம் தண்டிக்கிறதே? அதற்கு அவர் சொன்ன பதிலில் ஒரு சங்கடம் தெரிகிறது. நிஜமாகவே மறந்துவிட்டானா, மறந்ததாகச் சொல்கிறானா என்று மனிதர்களின் கோர்ட்டால் பிரித்துப் பார்க்க முடியாது; அதனால் தண்டிக்கிறது. எல்லா இதயங்களும் திறக்கப்படும் அந்தக் கடைசி நாள் தீர்ப்பில் யாரும் தனக்குத் தெரியாததற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்காது என்றார். அதாவது, சரியான தீர்ப்பைக் கடவுளிடம் தள்ளிவிட்டார்.

நம்மால் அப்படித் தள்ள முடியாது. காரணம், பகல் மனிதனும் இரவு மனிதனும் நமக்குத் தெரிந்த வீடுகளிலேயே இருக்கிறார்கள்.

"குடிக்காம இருந்தா அவர் தங்கமான மனுஷன்ங்க." இந்த வாக்கியத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கன்னம் வீங்கிப் பிறந்த வீட்டுக்கு வந்த பெண்ணிடம் அவள் அம்மாவே சொல்வாள். மாமியார் சொல்வாள். பஞ்சாயத்துக்கு வந்த பெரியவர் சொல்வார். 'அடிச்சது அவன் இல்லம்மா, உள்ளே போன சரக்கு.' இது ஒரு முழு தத்துவம். ஒரே வேட்டிக்குள் இரண்டு புருஷன். தாலி கட்டியது தங்கமான மனுஷன். அடிப்பது வேறு யாரோ. தங்கமானவருக்குச் சோறு போடு. வேறு யாரோ அடித்தால் பொறுத்துக்கொள். காலையில் தங்கமான மனுஷன் எழுந்து, "ராத்திரி ஏதாச்சும் சொன்னேனா?" என்று கேட்பார். அதோடு கேஸ் குளோஸ்.

ஒரு விஷயத்தை மட்டும் கவனித்துப் பாருங்கள். அந்த 'வேறு யாரோ' பெண்டாட்டியை அடிக்கிறான், மேலதிகாரியை அடிப்பதில்லை. பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தைக் கிழிக்கிறான். தன் சட்டைப் பையிலிருக்கும் ரூபாய் நோட்டைக் கிழிப்பதில்லை. தெருமுனையில் போலீஸ் ஜீப் நின்றால் அவனுக்கு உடனே நடை நேராகிவிடுகிறது. யாரை அடித்தால் திருப்பி அடி விழாது என்பது இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த ஒருவனை, 'அவனுக்கு ஒன்றும் தெரியாது' என்று எப்படி ஒத்துக்கொள்வது? எல்லாக் குடிகாரர்களும் இப்படி என்று சொல்லவில்லை. சிலருக்கு மூளையே பழுதாகிவிடுகிறது, அது வேறு. நான் சொல்வது ஆள் பார்த்து மாறும் இரட்டை மனிதனை. ஓர்ன் பியாங்கிக்கு வைத்த பரீட்சையை நம் பெண்கள் தினமும் வைக்கிறார்கள். ரிசல்ட் தெரிந்தும் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

சட்டம் இதில் நம் பெரியவர்களைவிடத் தெளிவு. 1843-ல் லண்டனில் மெக்நாட்டன் என்கிறவர், பிரதமர் ராபர்ட் பீல் என்று நினைத்து அவருடைய செயலாளர் ட்ரம்மண்டைச் சுட்டார். எல்லோரும் தன்னைத் துரத்துகிறார்கள் என்கிற பிரமை. கோர்ட் விடுதலை செய்தது. நாடே கொந்தளிக்க, நீதிபதிகள் உட்கார்ந்து ஒரு விதி வகுத்தார்கள். செய்யும் நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதோ அது தப்பு என்பதோ தெரியாத அளவுக்கு மனநிலை கெட்டிருந்தால்தான் மன்னிப்பு. நம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84-வது பிரிவு அதன் வாரிசு. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அதுவே 22-வது பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. குடிக்கு அடுத்த பிரிவு. அதில் தப்பிக்க ஒரே வழி, அவனுக்குத் தெரியாமலோ விருப்பத்துக்கு விரோதமாகவோ யாராவது ஊற்றிவிட்டிருக்க வேண்டும். தானாகக் குடித்தால் கிடையாது. போதை ஏறியவனுக்கு என்ன தெரியும் என்பதற்கு முன்னால், டம்ளரைத் தூக்கியபோது தெளிவாக இருந்தானே, அவன் யார் என்று சட்டம் கேட்கிறது.

டம்ளர் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது டாக்டர் ஜெகில்.

ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1886-ல் வெளியிட்ட சின்னப் புத்தகம். முதல் ஆறு மாதத்தில் பிரிட்டனில் மட்டும் சுமார் 40,000 பிரதிகள் விற்றதாகச் சொல்வார்கள். 'ஜெகில் அண்ட் ஹைட்' என்பது இன்று பழமொழி மாதிரி ஆகிவிட்டதால், படிக்காதவர்களும் படித்த மாதிரிப் பேசுவார்கள். 'நல்ல டாக்டர், கெட்ட ராட்சசன், ஒரே உடம்பு' என்று. அன்றைக்கு வாங்கியவர்களுக்கு அது ஒரு மர்மக் கதை. ஹைட் யார், இந்தக் கேவலமான குள்ளனுக்கு மரியாதைப்பட்ட ஜெகில் ஏன் சொத்தையெல்லாம் உயில் எழுதி வைத்திருக்கிறார் என்று ஒரு வக்கீல் துப்புத் துலக்கிக்கொண்டே போவார். ரகசியம் கடைசியில்தான்.

அந்தக் கடைசிப் பகுதி ஜெகிலின் வாக்குமூலம். தயவுசெய்து அதை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். நாம் நினைத்துக்கொண்டிருக்கும் கதை அதில் இல்லை. ஹைட் செய்ததெல்லாம் ஜெகிலுக்கு ஞாபகம் இருக்கிறது! மறதியே கிடையாது. மருந்தைக் கலக்குவது ஜெகில். குடிப்பது ஜெகில். ஹைட் தங்குவதற்கு சோஹோவில் வீடு பிடித்துச் சாமான் வாங்கிப் போட்டு, நம்பிக்கையான வேலைக்காரியையும் அமர்த்துவது ஜெகில். ஹைட் மிதித்துவிட்டுப் போன சிறுமியின் குடும்பத்துக்கு ஜெகில் கையெழுத்திட்ட செக் போகிறது. இவர் பெரிய மனுஷர், ஊரில் பேர், ஆனால் ஆசைகள் இருக்கின்றன. ஆசையைத் தீர்த்துக்கொள்ளவும் வேண்டும், பேரும் கெடக் கூடாது. அதற்கு ஓர் உடம்பு தேவைப்பட்டது. அவ்வளவுதான் விஞ்ஞானம்! ஒருநாள் மருந்து குடிக்காமலே ஹைட்டாகக் கண் விழிக்கிறார். பயந்துபோய் இரண்டு மாதம் தொடாமல் இருக்கிறார். பிறகு, அடைத்து வைத்த ஹைட் எத்தனை வெறியோடு வெளியே வருவான் என்று யோசிக்கக்கூட முயலாமல் மறுபடி குடிக்கிறார். அந்த ராத்திரிதான் ஒரு கிழவரைத் தடியால் அடித்துக் கொன்றது.

வாக்குமூலத்தின் ஓர் இடத்தில் ஜெகில், ஹைட்டைப் பற்றி 'நான்' என்று எழுத வராமல் 'அவன்' என்று எழுதுகிறார். 'நான்' என்று சொல்ல முடியவில்லை என்று அவரே ஒத்துக்கொள்கிறார். கதை முழுவதிலும் எனக்குப் பயம் தந்த இடம், கொலை நடந்த இடம் இல்லை; இதுதான். ஒரு பிரதிப் பெயரை மாற்றிப்போட்டால் ஒரு பிணத்தைக் கடந்து போய்விடலாம்.

ஸ்டீவன்சனுக்கு இது ஆகாயத்திலிருந்து விழவில்லை. அவர் பிறந்த எடின்பரோவில் வில்லியம் பிராடி என்று ஒருவர் இருந்தார். 18-ஆம் நூற்றாண்டுக்காரர். பகலில் அலமாரி செய்யும் பெரிய ஆசாரி, தச்சர் சங்கத் தலைவர், நகரசபை உறுப்பினர். பெரிய வீடுகளில் பூட்டுச் சரிசெய்யப் போவார். சாவிக்கு அச்சு எடுத்துக்கொள்வார். ராத்திரி அதே வீட்டில் கன்னம் வைப்பார். சூதாட்டக் கடன், இரண்டு காதலிகள், செலவு ஜாஸ்தி. 1788-ல் வரி அலுவலகத்தைக் கொள்ளையடிக்கப் போய்க் கதை கந்தலாயிற்று. ஆம்ஸ்டர்டாமுக்கு ஓடியவரைப் பிடித்துவந்து அக்டோபரில் தூக்கில் போட்டார்கள். ஸ்டீவன்சன் சின்ன வயசில் படுத்த அறையில் பிராடி செய்த அலமாரி ஒன்று நின்றது. ராத்திரி அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிய பையன் வேறு என்ன எழுதுவான்? பிராடியை வைத்து நண்பர் ஒருவரோடு சேர்ந்து ஒரு நாடகமே எழுதினார். பிராடிக்கு மருந்தும் இல்லை, வேறு ஆளும் இல்லை. விளக்கு வைத்த பிறகு வேறு வேலை, அவ்வளவே.

ஜெகிலுக்குப் பிறகு வந்த கதைகள் என்ன செய்தன தெரியுமா? அந்த ஞாபகத்தைப் பிடுங்கிவிட்டன. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' 1960-ல் வந்தது. கடைசியில் ஒரு டாக்டர் நின்று விளக்கம் சொல்வார். அதன் பிறகு எத்தனையோ படங்கள். எல்லாவற்றிலும் நல்லவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததால் அவன் சுத்தம். ஸ்டீவன்சன் கஷ்டப்பட்டுப் போட்ட முடிச்சை அவிழ்த்து, நம் கையில் பஞ்சுமிட்டாயாகக் கொடுத்துவிட்டார்கள். முதலில் கேட்டேனே, அந்த நிம்மதி, அது இந்தப் பஞ்சுமிட்டாய்தான்.

நிஜ நோயாளிகள் பாவம், இதில் ரொம்ப அடிபட்டவர்கள். 1994-லிருந்தே டாக்டர்கள் இதைப் 'பல ஆளுமை' என்று சொல்வதில்லை. அடையாளம் பிளந்துபோகிற கோளாறு என்கிறார்கள். உள்ளே பல பேர் இருக்கிறார்கள் என்பதைவிட, ஒருவர் முழுசாக உருவாகவே விடப்படவில்லை என்பதுதான் விஷயம். பெரும்பாலும் பின்னணியில் ஒரு குழந்தை, தாங்க முடியாத கொடுமை. இவர்கள் அடுத்தவரைக் கொல்லக் கத்தியோடு அலைவதில்லை, தங்களையேதான் காயப்படுத்திக்கொள்கிறார்கள். 2013-ல் வந்த அமெரிக்க மருத்துவக் கையேடு, சில சமூகங்களில் இதை ஆவி பிடித்த மாதிரியான அனுபவமாகவும் சொல்லலாம் என்று சேர்த்துக்கொண்டது. நம் ஊருக்கு இது புதுசா என்ன? சாமி வந்து ஆடியபோது மருமகள் சொன்ன உண்மைகளை மறுநாள் காலையில் யாரும் அவளிடம் கேட்பதில்லை. பேச இடமே இல்லாதவளுக்கு அந்த ஒரு நாள் அம்மன் வாய் கொடுக்கிறாள். அது அடிபட்டவள் தேடிக்கொண்ட கதவு. அடிக்கிறவனும் அதே கதவு வழியாக வெளியேறப் பார்ப்பதுதான் வயிற்றெரிச்சல்.

இந்த நோய்க்கென்று உள்ள சர்வதேச மருத்துவச் சங்கம் 2011-ல் வெளியிட்ட சிகிச்சை நெறிமுறையில் ஒரு விஷயம் இருக்கிறது. படித்து அசந்துபோனேன். உள்ளிருக்கும் எந்த 'ஆள்' எதைச் செய்தாலும், ஞாபகமே இல்லை என்றாலும், அந்த முழு மனிதரைத்தான் பொறுப்பாளியாக டாக்டர் நடத்தவேண்டும் என்கிறது. இதைச் சொல்வது போலீஸ் இல்லை. நோயாளி மேல் உலகத்திலேயே அதிக இரக்கம் உள்ளவர்கள். தண்டனை தருவதற்காகவும் சொல்லவில்லை. 'அது நீ இல்லை, பாவம்' என்று டாக்டரும் சேர்ந்து சொன்னால் பிளவு ஆறவே ஆறாது, அதற்காக. 'இதுவும் நீதான்' என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்வதில்தான் சிகிச்சையே தொடங்குகிறது.

2005-ல் இரண்டு மாத இடைவெளியில் இரண்டு தமிழ்ப் படங்கள் இந்த நோயை வைத்துச் சக்கைப்போடு போட்டன. ஏப்ரலில் 'சந்திரமுகி', ஜூனில் 'அந்நியன்'. கங்கா யாரையும் கொல்லவில்லை. கடைசியில் ஆளுக்குப் பதில் பொம்மையை வைத்து நம்மைக் காப்பாற்றிவிட்டார்கள். பொம்மை மாறாமல் இருந்திருந்தால் அவளோடு சேர்ந்து கண்ணைத் துடைத்திருப்போமா, தெரியவில்லை.

அம்பி அப்படி இல்லை. கருட புராணம் பார்த்து வரிசையாகக் கொன்றவர். செய்தது அந்நியன், அம்பிக்குத் தெரியாது, கோர்ட் சிகிச்சைக்கு அனுப்பிற்று. குணமாகி வெளியே வருகிறார், கல்யாணம் ஆகிறது, மனைவியோடு ரயிலில் போகிறார். அங்கே குடித்துக்கொண்டு ஒருவன். சின்ன வயசில் தங்கை சாகக் காரணமாக இருந்த அதே ஆள். முடியை முகத்தில் விரித்துப் போடவில்லை, குரலை மாற்றவில்லை. படிய வாரிய தலையோடு, அந்த அம்பியே அவனை ஓடும் ரயிலிலிருந்து தள்ளுகிறார். மனைவியிடம் மூச்சுவிடவில்லை. இப்போது உள்ளே மூன்று பேர் இல்லை. ஒருவர்தான், எல்லாம் தெரிந்து செய்கிறார். நியாயமாகப் பார்த்தால் படத்திலேயே இதுதான் முதல் கொலை.

தியேட்டரில் அந்த இடத்துக்கு விசில் பறந்தது. ஹீரோவுக்காவது ஒரு நோய் இருந்தது. நமக்கு?